கறிக்கடைக்கு மேலே ஒரு ஜெர்மன் வகுப்பு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், எங்கள் வீட்டு பிரிட்ஜ் இன்று காலை தன் ஜெர்மன் குடியுரிமையை இழந்துவிட்டது. அதன் நெற்றியில் நீ ஒட்டிவிட்டுப் போன மஞ்சள் சீட்டு, ‘டேர் க்யூல்ஷ்ராங்க்’ என்று அதன் ஜெர்மன் பெயரைத் தமிழ் எழுத்தில் நீ எழுதிய அதே சீட்டு, இட்லி ஆவியில் பசை இளகித் தரையில் விழுந்தது. அப்பா அதைக் கவனிக்காமல் மிதித்தார். அது அவர் குதிகாலில் ஒட்டிக்கொண்டு அவரோடு துணிக்கடைக்கே போய்விட்டது. ஆக, சட்டப்படி இன்றைக்கு அப்பாதான் பிரிட்ஜ். கதவு, வாளி, முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியோர் இன்னும் ஜெர்மானியர்களாகவே நீடிக்கிறார்கள் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அன்பு மகளே, முக்கியச் செய்தி முடிந்தது. இனி கடிதம். உன்னை ஏன் மகளே என்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இதை உன் வகுப்பு வாட்ஸப் குழுவில் போடப்போகிறேன், அங்கே இருக்கிற புது பேட்ச் ஆட்களுக்குத் தெரியாது. பாஸானவர்கள் எல்லாம் ‘வீட்டிலிருந்து ஆன்லைனில் எப்படிப் படித்தேன்’ என்று எழுதித் தர வேண்டும் என்று டீச்சர் கேட்டாராம். நீ போனில் என்னிடம், “எனக்கு எங்கடா நேரம், நீயே எழுது, நீதானே எனக்கு அப்பன்” என்றாய். நான் எழுதுகிறேன். புது பேட்ச் அக்காக்களே, இவர் என் அம்மா. நர்ஸ். நாற்பதைத் தாண்டிய பிறகு ஜெர்மன் படித்தவர். நான் அவருடைய மகன், பியூசி இரண்டாம் வருஷம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. வகுப்பு ஆரம்பித்த முதல் நாள் இவர் புது நோட்டோடு மேசையில் உட்கார்ந்ததும், இத்தனை வருஷம் இவர் எனக்குச் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். ஹோம்வொர்க் முடிச்சியா, கையில எதுக்கு போன், முதுகை நிமிர்த்தி உட்காரு. இவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். “சரிங்கப்பா” என்றார். அன்றிலிருந்து சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை வீட்டில் நான் பெற்றோர், இவர் பிள்ளை. ஏழரைக்கு மேல் நான் மறுபடி திட்டு வாங்குகிற பதவிக்கு இறங்கிவிடுவேன்.

மகளே, நீ போன மாதம் ஜெர்மனிக்கு விமானம் ஏறிவிட்டாய். அந்தப் பெற்றோர் பதவி மட்டும் என்னிடமே இருக்கிறது, மணி ஏழரை ஆனாலும் யாரும் வந்து அதை வாங்கிக்கொள்வதில்லை. எதற்காகப் போனாய் என்பதை நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். என்னை இன்ஜினியரிங் படிக்க வைப்பதற்காகப் போனாய். நீ படித்தது நான் படிப்பதற்காக. இந்தக் கடிதத்தில் நான் எவ்வளவு கோமாளித்தனம் செய்தாலும் இது அடியிலேயே கிடக்கும்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் உன் படிப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சலீம் பாயின் கறிக்கடைக்கு நேர் மேலே, ஒரு ஹாலும் ஒரு சமையலறையும். கறிக்கடைக்கு மேலே நடந்த படிப்பு என்பதால் அதன் பாடத்திட்டத்துக்கு நான் ‘கறிக்குலம்’ என்று பெயர் வைத்தேன், நீ சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் நீ இல்லை. இரண்டாவது வகுப்பிலோ மூன்றாவது வகுப்பிலோ டீச்சர் உன்னை அழைத்து உன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நீ மைக்கை ஆன் செய்தாய். உனக்கு முன்னால் கீழேயிருந்து பாய் பேசினார், கத்தியால். தொப், தொப், தொப். அந்த ஆட்டுத்தொடை புனேயில் இருந்த டீச்சர் காதில் விழுந்து, சென்னையிலும் கொச்சியிலும் இருந்து படிப்பவர்கள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். யார் வீட்டிலோ கட்டட வேலை நடக்கிறது போல, தயவுசெய்து மியூட்டில் போடுங்கள் என்று டீச்சர் மரியாதையாகத்தான் சொன்னார். யாரோ ஒருவர் சிரித்தார். நீ மியூட்டில் போட்டாய். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் அந்த மைக்கை நீ தொடவே இல்லை. கேமராவும் அதோடு போனது.

புது பேட்ச் அக்காக்கள் இதை மட்டும் கவனியுங்கள். என் மகள் சோம்பேறி இல்லை. டியூட்டி முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே சொற்களைப் படிப்பாள். பீன்ஸ் நறுக்கும்போது பாடம் ஓடும். சுவரெல்லாம் மஞ்சள் சீட்டு. நோட்டைத் திறந்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் பேச மாட்டாள். எழுதுகிற கை ஒரு பக்கம் வளர்ந்துகொண்டே போனது, வாய் முதல் வகுப்பிலேயே நின்றுவிட்டது. நெட் போகிற அன்று நெட்டுருவும் போயிற்று என்று நோட்டை மூடிவிடுவாள். அப்பா இதையெல்லாம் வேடிக்கை பார்த்தார். அவர் பிழைப்பு துணியை விரித்து மடித்து விரித்து மடித்து நாளெல்லாம் நிற்பது. வருகிறவர்களிடம் தமிழ், கன்னடம், உருது, இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ் என்று மாற்றி மாற்றிப் பேசுவார். “நான் அஞ்சு பாஷை பேசறேன், ஒன்னுக்காவது எவனாவது ஹோம்வொர்க் குடுத்தானா?” என்பார். கேலிதான், ஆனால் அதில் விஷயம் இருந்தது. உனக்கும் கன்னடம் அப்படித்தான் வந்தது, வார்டில் படுத்திருந்த பாட்டிகள் தண்ணீர் கேட்டதில், வலி சொன்னதில். இந்த ஊரில் நமக்கு பாஷை என்றால் எதிரே ஒரு முகம். சின்னச் சின்னக் கட்டங்களாக இருட்டாக இருக்கிற திரையிடம் போய் எப்படிப் பேசுவது என்று நம் யாருக்கும் தெரியவில்லை. “இந்த ஜென்மத்துல ஜெர்மன் வராதுடா” என்றாய். அப்போதாவது நான் சிரித்திருக்கக் கூடாது, அது நீ அடித்த ஜோக் இல்லை.

பெற்றோர் என்ற முறையில் நான் சும்மா இருக்கவில்லை. உன் போனின் மொழியை ஜெர்மனுக்கு மாற்றினேன். விளைவாக நீ பஸ் ஸ்டாப்பில் அப்பாவின் அழைப்பை எடுக்கத் தெரியாமல் மூன்று முறை கட் செய்தாய், அன்று வீட்டில் நடந்தது எந்த மொழியிலும் சொல்லத் தக்கதல்ல. அலாரத்தில் டீச்சர் குரலை மிமிக்ரி செய்து வைத்தேன். நீ தூக்கத்தில் எழுந்து வணக்கம் சொன்னாய். என் நண்பர்களிடம், எங்கம்மாவை ஜெர்மனிக்கு அனுப்புவது நான்தான் என்று அளந்துகொண்டிருந்தேன். உண்மையில் முதலில் உன் வாயைத் திறந்தது நான் இல்லை, ஜெயந்தி அக்கா.

ஜெயந்தி அக்கா உன் வகுப்புத்தோழி, அவரும் நர்ஸ், வீடு அத்திபெலேயில் நெடுஞ்சாலையை ஒட்டி. அவரும் மியூட் ஜாதிதான். அவர் வீட்டுப் பக்கம் லாரி. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு வெட்டுச் சத்தம் வந்தது உங்கள் வீட்டிலிருந்துதானே என்று கேட்டார். நீ மன்னிப்பு கேட்கத் தொடங்கினாய். அவர் விடவில்லை. “உங்க பக்கம் கறி, எங்க பக்கம் லாரி. டீச்சர் முன்னாடிதான் வெக்கம். நமக்குள்ள என்னக்கா, ரெண்டு பேரும் சேர்ந்தே சத்தம் போடுவோம்” என்றார். மறுநாளிலிருந்து வகுப்பு முடிந்ததும் இருவரும் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவீர்கள். அவரவர் வேலை, அவரவர் நோட்டு. பாதி நேரம் பேச்சே இருக்காது. இந்தப் பக்கம் குக்கர், அந்தப் பக்கம் ஹாரன், நடுவில் எப்போதாவது ஒரு ஜெர்மன் வாக்கியம், அதற்கு ஒரு பதில். உன் குரல் உயர்ந்ததை நான் ஹாலிலிருந்து கேட்டேன். அவ்வளவு நாள் நான் வைத்த அலாரம் செய்யாததை ஒரு லாரி ஹாரன் செய்துவிட்டது.

அது நீடிக்கவில்லை. அக்காவின் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். பார்த்துக்கொள்ள அக்காவைத் தவிர ஆள் இல்லை. படிப்பை நிறுத்துவதாக ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினார், அதற்குப் பிறகு குழுவில் அவர் பெயர் இல்லை. வகுப்புக்கு உட்கார் என்றால் நீ சாக்குச் சொன்னாய். டியூட்டி ஜாஸ்தி என்றாய், தலைவலி என்றாய், துணி ஊறுகிறது என்றாய். ஆறு மணிக்கு போனைத் திறந்து வகுப்பை ஓடவிட்டு, நீ பாட்டுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். பெயர் மட்டும் வகுப்பில் இருந்தது. அந்த அரிசியில் கல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். சிநேகிதன் ஒருவனின் போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, உன் புத்தகத்தின் நேர்முகத் தேர்வுப் பாடத்தை மடியில் விரித்து, குரலைக் கட்டையாக்கி உன்னைக் கூப்பிட்டேன். குட்டன் டாக் என்று வணக்கம் சொன்னேன். உன் பெயருக்கு முன்னால் ஃப்ராவ், அதாவது திருமதி, போட்டேன். மருத்துவமனையிலிருந்து பேசுவதாகவும், சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றும் ஜெர்மனில் சொன்னேன். நீ உடனே கண்டுபிடித்துவிடுவாய், திட்டுவாய், அதில் ஒரு நிமிஷம் சிரிப்பாய் என்பதுதான் திட்டம். ஆனால் நீ நம்பிவிட்டாய். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, எழுந்து நின்றுவிட்டாய் என்று புரிந்தது. ஆனாலும் பாடத்திலிருந்த அடுத்த கேள்வியைக் கேட்டேன். ஏன் ஜெர்மனிக்கு வர விரும்புகிறீர்கள்? நீ யோசித்தாய். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னாய். எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அவன் நன்றாகப் படிக்கிறான். அவன் இன்னும் படிக்க வேண்டும். வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கு அந்த அளவு ஜெர்மன் வந்திருந்தது, அதுதான் வம்பு.

நான் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. மடியில் இருந்த புத்தகத்தை மூடினேன். அந்த இடைவெளியில் பாய் கத்தியை இறக்கினார். உன் ஜன்னலில் ஒரு தொப், போனில் அதே தொப். இன்னொன்று. பிறகு போன் கட்டானது, படியில் கால் சத்தம் வந்தது. கையில் கரண்டியோடு மாடிக்கு வந்து நின்றாய்.

“ஏண்டா, ஜெர்மனியிலயும் சலீம் பாய் கடை போட்டுட்டாரா?”

“பிராஞ்ச்மா” என்றேன்.

அடிப்பாய் என்று நினைத்தேன். தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டாய், அது சிரிப்பு இல்லை என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்: “நாளைக்கும் கூப்பிடு. ஆனா இங்கருந்தே கூப்பிடு. எதிர்ல உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு அம்மாதான் வருது, ஜெர்மன் வரல.”

ஆக, ஒரே வீட்டில் ஒரு தாயும் மகனும் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். நீ கீழே சமையலறையில், நான் மேலே தொட்டிக்குப் பின்னால், இருவர் போனும் ஸ்பீக்கரில். முதலில் கொஞ்சம் கேள்வி பதில். பிறகு நீ உன் புத்தகம், நான் என் பிசிக்ஸ். ஜெயந்தி அக்காவோடு இருந்தது போலவே, பாதி நேரம் பேச்சு இருக்காது, நீ முணுமுணுப்பது மட்டும் கேட்கும். அப்பா கடையிலிருந்து வந்து என்னை மாடியிலும் உன்னைக் கீழேயும் பார்த்துவிட்டு, “வீட்டுக்குள்ளயே ரோமிங்கா?” என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போவார். நீ ஒரு நீளமான வாக்கியத்தைத் தடுமாறாமல் முடிக்கிறபோது எனக்குப் பெருமையாக இருக்கும். கூடவே, நீ ஒரு ஸ்டாப் தள்ளிப் போய் இறங்கிக்கொண்டது போலவும் இருக்கும். அடுத்த வாக்கியத்தில் இன்னொரு ஸ்டாப். நான்தான் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாதிரித் தேர்வு வந்தது. டீச்சர் ஆன்லைனில் நேருக்கு நேர் பேச வைப்பார். பொறுப்புள்ள பெற்றோரான நான் கீழே போய் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். “அம்மிக்கு எக்ஸாமா? போய் சொல்லு, அரை மணி நேரம் என் கத்தி தூங்கும்” என்றார். அவருக்கு அம்மா என்றால் அம்மி. சொன்னபடியே நிறுத்தினார். கடைக்கு வந்தவர்களையும் உதட்டில் விரல் வைத்து அடக்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீ மைக்கை ஆன் செய்தாய். வீடே அமைதி. பெயர் சொன்னாய், ஊர் சொன்னாய், அத்தோடு வார்த்தை நின்றுவிட்டது. நான் மாடிப்படியில் நின்று அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன், பாயின் கத்தியை நானே போய் எடுத்து வெட்டலாமா என்றிருந்தது. மறுநாள் நீயே கீழே இறங்கி, “நீங்க வெட்டுங்க பாய். நீங்க நிறுத்தினா எனக்கு நாக்கும் நின்னுடுது” என்று சொல்லிவிட்டு வந்தாய். அதற்கடுத்த வகுப்பில் மைக்கை ஆன் செய்து, டீச்சரிடம் ஜெர்மனிலேயே சொன்னாய்: கீழே கறிக்கடை இருக்கிறது, சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் நீ நிறுத்தியிருக்க மாட்டாய்.

நிஜத் தேர்வு குளிரூட்டிய அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். வெளியே நானும் அப்பாவும். நீ வந்ததும் எப்படிப் போனது என்று கேட்டோம். ரொம்ப அமைதியா இருந்துச்சுடா, மேசைக்கு அடியில விரலால தொடையைத் தட்டிக்கிட்டே பேசினேன் என்றாய். பாஸ். அந்தச் செய்தியைத் தெரு முழுக்கச் சொன்னது நான். பாய் எனக்கு ஒரு சுவரொட்டி போட்டுவிடும் அளவுக்குக் கத்தினேன். அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, இனித் தேவை இல்லை என்று தெரிந்தும், மாடிக்குப் போனேன். நீயும் அடுப்பு மேடையில் போனை வைத்திருந்தாய்.

இப்போது அங்கிருந்து நீ சொல்வதைக் கேட்டு எனக்குக் கவலையாக இருக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு பரீட்சை இருக்கிறது, அதற்கும் ஆன்லைன் வகுப்பு, அதில் தேறும்வரை உன்னை நர்ஸ் என்று எழுத மாட்டார்கள், உதவியாள்தான். “இங்க சத்தமே இல்லடா” என்றாய். ஹாஸ்டல் அறை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், வெளியே பனி விழுந்தால் அதற்குக்கூடச் சத்தம் இல்லையாம். புத்தகத்தை எடுத்தால் தூக்கம் வருகிறது, வகுப்பில் மறுபடியும் மைக்கை அணைத்துவிட்டேன் என்றாய். மகளே, பெற்றவன் சொல்கிறேன் கேள். உனக்குப் பாஷை வராமல் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. அறையிலேயே அடைந்து கிடக்காதே. அந்த ஹாஸ்டலில் சமையலறை இருக்கும், அங்கே போய் உட்கார். யாராவது பாத்திரம் கழுவுவார்கள். அவர்களும் எங்கிருந்தோ வந்து மைக்கை அணைத்தவர்களாகத்தான் இருப்பார்கள். நீ முதலில் சத்தம் போடு. கூடவே, சலீம் பாயின் கத்திச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். விஷயம் தெரிந்து அவர் வழக்கத்தைவிட ஸ்டைலாக வெட்டினார், அதைக் கண்டுகொள்ளாதே.

இங்கே முடித்திருந்தால் நல்ல பெற்றோர் என்று பெயர் வாங்கியிருப்பேன். அப்பா இந்தக் குழுவில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். மாடியில் உட்கார்ந்து பிசிக்ஸ் படித்தேன் என்று சொன்னேன் இல்லையா. படிக்கவில்லை. புத்தகம் மடியில் இருந்தது, காற்று வந்தால் அதுவாகப் பக்கம் திருப்பிக்கொண்டது. நான் நீ முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் அது கேட்காமல் போகும் என்று தெரிந்ததால் மற்ற எதிலும் மனம் போகவில்லை. போன வாரம் காலேஜ் டெஸ்ட் வந்தது. பிசிக்ஸில் பெயில். அவன் நன்றாகப் படிக்கிறான் என்று நீ எழுந்து நின்று சொன்னாயே, அந்த மகன்தான். நான் உன்னைப் படிக்க வைத்ததாக இவ்வளவு நேரம் பீற்றிக்கொண்டது எல்லாம் பொய், உன் பக்கத்தில் உட்கார ஒரு சாக்கு வேண்டியிருந்தது. எனக்குத் தனியாகப் படிக்கத் தெரியவில்லைம்மா.

ஆகவே பெற்றோர் பதவியை இத்துடன் ராஜினாமா செய்கிறேன். அதை நீயே திருப்பி எடுத்துக்கொள். இன்றைக்கு ஆறு மணிக்கு தொட்டிக்குப் பின்னால் போனோடு இருப்பேன், உனக்கு அப்போது மதியமாக இருக்கும், டியூட்டி இல்லை என்று தெரியும். என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம், திட்டுவதையும் ஏழரைக்கு மேல் வைத்துக்கொள். மைக்கை மட்டும் அணைக்காதே.